தம்பி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். நான் என்ன செய்வது?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

"என் தம்பிக்கு 27 வயது. எட்டு மாதங்களுக்கு முன் நண்பன் கூப்பிட்டான் என்று ஒரு நேரடி விற்பனைக் குழுவின் கூட்டத்துக்குப் போனான். அப்புறம் மூன்று நாள் பயிற்சி முகாம். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திரும்பி வந்தவனின் பேச்சே மாறிவிட்டது. வாரத்தில் ஐந்து இரவு மீட்டிங். பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டான். பழைய நண்பர்களை எல்லாம் 'நெகட்டிவ்' என்கிறான். கேள்வி கேட்டேன், சண்டையில் முடிந்தது. அந்த வியாபாரத்தைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் தினமும் அனுப்பினேன். 'நீ இப்படித்தான் பேசுவாய் என்று முதல் நாளே சொன்னார்கள்' என்றான். இரண்டு மாதமாகப் போனை எடுப்பதில்லை. நடுவில் வந்த ஒரே செய்தி, ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா என்பதுதான். முகாமுக்குப் போனபோது என்னிடம் விட்டுப்போன அவன் பூனைகூட இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. நன்றாகப் படித்தவன், யாரையும் எளிதில் நம்பாதவன். அவனுக்கு இது எப்படி நடந்தது? கையெழுத்துப் போடாவிட்டால் மிச்சமிருக்கும் உறவும் போய்விடுமா? அடுத்த வாரம் அவன் பிறந்தநாள். அழைக்கலாமா? வெளியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

'நீ இப்படித்தான் பேசுவாய் என்று முதல் நாளே சொன்னார்கள்.' உங்கள் கடிதத்தில் இந்த வரிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இதற்குள் இருக்கிறது. நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் பேச்சை அவனிடம் சொல்லிக்காட்டிவிட்டார்கள். வீட்டில் பயப்படுவார்கள், ஏமாற்று வேலை என்பார்கள், எங்கிருந்தாவது எதையாவது எடுத்து அனுப்புவார்கள், அவர்கள் மேல் கோபப்படாதே, அவர்களுக்குப் பெரிதாகக் கனவு காணத் தெரியாது. இப்படி ஏதோ ஒன்று. பிறகு நீங்கள் பதறிப்போய், பாசத்தோடு, அதையே செய்தீர்கள். அவனுக்கு அது அவர்கள் சொன்ன ஜோசியம் பலித்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

வில்லியம் மெக்குவயர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார். எதிர்வாதத்தை நீர்த்த வடிவில் முன்கூட்டியே கொஞ்சம் காட்டி, அதற்குப் பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பின்னால் பலமான எதிர்வாதம் வரும்போது ஆள் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. தடுப்பூசி வேலை செய்கிற விதம்தான். மக்களைப் பொய்ப் பிரச்சாரத்திலிருந்து காப்பாற்ற உதவும் அதே வழியை, அக்காவின் குரலுக்கு எதிராகவும் பயன்படுத்த முடியும். தம்பிக்கு அந்த ஊசி போட்டாகிவிட்டது. ஆகவே இனிமேல் எந்தக் கட்டுரையும் அனுப்ப வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம்.

படித்தவன், எளிதில் நம்பாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனம் நாம் நினைக்கிற அளவுக்குக் காவல் நிற்பதில்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொன்றில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டபோது நூற்றுக்கு ஒரு பிழைகூட வரவில்லை, அவ்வளவு எளிது. ஆனால் குழுவாக உட்கார வைத்தபோது அதில் ஒரே ஒருவர்தான் உண்மையில் சோதிக்கப்பட்டவர். மற்றவர்கள் ஆஷ் சொல்லிவைத்தபடி எல்லோரும் ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். அந்த ஒருவர் அப்போது அளித்த பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை கூட்டத்தோடு சேர்ந்து தவறின. இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள். தன் கண்ணுக்கு எதிரே இருக்கிற கோட்டைப் பற்றி!

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது இதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆஷ் அடுத்து அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான பதில் சொல்ல வைத்தார். பிழைகள் கால் பங்காகக் குறைந்துவிட்டன. வேறொரு தடவை அந்த ஆளும் தவறாகவே சொன்னார், ஆனால் கூட்டம் சொன்ன தவறை அல்ல, வேறொரு தவறை. அப்போதும் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. அதாவது பக்கத்தில் இருப்பவர் சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கூட்டத்திலிருந்து வேறாக இருந்தால் போதும். பிறகு அந்தத் துணையை நடுவில் விலக்கிப் பார்த்தார். துணை பாதியில் கூட்டத்தின் பக்கம் தாவியபோது பிழைகள் பழைய அளவுக்கே ஏறிவிட்டன. ஆனால் அவர் தாவாமல், வேறு வேலை இருக்கிறது என்று எழுந்து வெளியே போனபோது, பிழைகள் கூடினாலும் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆள் போன பிறகும் அவர் இருந்ததன் பலம் அறைக்குள் மிச்சமிருந்தது.

நீங்கள் இப்போது அந்த வெளியே போன ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒருவரைத் தனிமைப்படுத்துவது என்றதும் பூட்டிய கதவும் காவலும் ஞாபகத்துக்கு வரும். அவை தேவையே இல்லை. 'எனக்கு இது சரியாகப் படவில்லை, உனக்கு எப்படிப் படுகிறது?' என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் செய்துவிட்டால் போதும். வாரத்தில் ஐந்து இரவு மீட்டிங் என்றால் மிச்ச இரண்டு இரவும் தூங்கத்தான் சரியாக இருக்கும். நண்பர்களைப் பார்க்காதே என்று யாரும் உத்தரவு போடவில்லை, பார்க்க நேரம் இருக்காது. அந்த 'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். அம்மாவின் பயம், நண்பனின் கேலி, உங்கள் கேள்வி, பத்திரிகைச் செய்தி, நடு இரவில் அவனுக்கே வருகிற சந்தேகம் எல்லாவற்றையும் அது ஒரே மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறது. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர், சீனாவில் கம்யூனிஸ்ட் அரசு வற்புறுத்தி மனதை மாற்ற நடத்திய 'சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு' ஆளாகி வெளியே வந்தவர்களை 1950களின் நடுவில் ஹாங்காங்கில் சந்தித்து விரிவாகப் பேசினார். அவர் கண்ட அம்சங்களில் முதலாவது சூழலைக் கட்டுப்படுத்துவது. அது வெளியிலிருந்து வரும் செய்தியோடு நிற்பதில்லை, ஒருவர் தனக்குள்ளே பேசிக்கொள்ளும் பேச்சு வரைக்கும் போகிறது என்றார்.

கொரியப் போரில் (1950–53) பிடிபட்ட அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த எட்கர் ஷைன் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு விவரம் எனக்கு மறக்கவே மறக்காது. முகாமில் கடிதங்களை ஒரேயடியாக நிறுத்திவிடவில்லை. கெட்ட செய்தி இருந்த கடிதங்களை உடனே கொடுத்தார்கள், ஆறுதலான கடிதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வீட்டில் நம்மை மறந்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு அந்த மனிதர்கள் தாங்களாகவே வந்தார்கள். உங்கள் விஷயத்தில் யாரும் கடிதத்தைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் அனுப்பியவற்றை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். எச்சரிக்கைகளும் சண்டையும் மட்டும்தான் இருக்கிறதென்றால், வடிகட்டும் வேலையை நீங்களே அவர்களுக்குச் செய்துகொடுத்துவிட்டீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாத இன்னொன்று உண்டு. உள்ளே இருப்பவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட விற்பனைக் குழுக்கள் பலவற்றில் 'கிராஸ்லைனிங்' கூடாது என்ற விதி உண்டு. உன்னைச் சேர்த்தவரோடும் நீ சேர்த்தவர்களோடும் பேசு, பக்கத்துக் கிளையில் உன்னைப் போலவே இருப்பவரோடு வியாபாரக் கவலையைப் பேசாதே. பிரச்சினையை மேலே மட்டும் சொல், கீழே நல்லதை மட்டும் சொல். கேட்பதற்கு நிர்வாக ஒழுங்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் விளைவு என்ன? ஒரு அரங்கம் நிறைய ஆட்கள், ஒவ்வொருவர் மனதிலும் 'எனக்கு மட்டும்தான் பணம் வரவில்லை போலிருக்கிறது, என்னிடம்தான் ஏதோ குறை' என்ற ஒரே எண்ணம், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பேர் நடுவில் உட்கார வைத்தும் ஒருவரைத் தனியாக்க முடியும்.

இதன் கோர முடிவை உலகம் 1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டுக் காட்டுக்குள் பார்த்தது. ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதக்குழுத் தலைவரின் பின்னால் போய் ஜோன்ஸ்டவுனில் குடியேறியவர்களில் 900க்கும் அதிகமானவர்கள், குழந்தைகள் உட்பட, ஒரே நாளில், பெரும்பாலும் விஷத்தால், இறந்தார்கள். அங்கே கடிதங்கள் தணிக்கையாயின, ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசிக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து, குழந்தைகள் வாழ வேண்டாமா என்று வாதாடுகிறார். கூட்டம் அவரைக் கத்தி அடக்குகிறது. அவர் பக்கத்தில் எழுந்து நிற்க இரண்டாவது ஆள் இல்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் தம்பி காட்டுக்குள் இல்லை, அவன் கையில் போன் இருக்கிறது, அதில் உங்கள் எண் இருக்கிறது. இரண்டாவது ஆள் ஒருவர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

'மூளைச்சலவை' என்ற சொல்லை உங்கள் வீட்டில் யாராவது பயன்படுத்தினால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தச் சொல் இரண்டு கெடுதல் செய்கிறது. அவனை அவமானப்படுத்துகிறது, உங்களைக் கைவிட வைக்கிறது. மனதையே துடைத்து எடுத்துவிட்டார்கள் என்றால் நாம் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றிவிடும். உண்மை நிலவரம் அவ்வளவு இருட்டாக இல்லை. ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர், கடும் மூளைச்சலவை நடக்கிறது என்று குற்றம்சாட்டப்பட்ட ஒரு மதக்குழுவின் பயிற்சி முகாம்களுக்குப் போனவர்களை 1970களின் கடைசியில் கணக்கெடுத்தார். போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அந்தக் குழுவில் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பலர் தாங்களாகவே விலகினார்கள். இந்த முறைகள் மந்திரம் இல்லை. ஒருவர் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒரு வெற்றிடம் இருக்கிற நேரத்தில்தான் அவை பிடித்துக்கொள்கின்றன. தம்பிக்கு அந்தச் சமயத்தில் வேலையில் சலிப்பா, ஒரு பிரிவா, தான் எங்கும் தேவைப்படவில்லை என்ற எண்ணமா, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அங்கே அவனுக்குக் கிடைக்கிற அன்பில் கொஞ்சம் உண்மையானது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்ற பையனும் அவனைப் போலவே நம்பி வந்தவன்தான்.

வியாபாரத்தில் இந்த முறை எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் நானும் கணவரும் ஒரு விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டத்தின் விளக்கக் கூட்டத்துக்குப் போனோம். ஒரு மணி நேரம் என்றார்கள், நான்கு மணி நேரம் ஆனது. ஜன்னல் இல்லாத ஹால், சத்தமாகப் பாட்டு. எங்கள் மேசையில் எப்போதும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கணவரிடம் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் ஒருவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார். 'கொஞ்சம் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம்' என்றபோது, 'சாருக்கு அதற்குள் மாதிரி அறையைக் காட்டிவிடுகிறேன்' என்று அவரை அழைத்துப் போய்விட்டார்கள். இந்த விலை இன்று மாலை வரைதான் என்றார்கள். கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் பேசியதும் இரண்டு பேருக்குமே அது வேண்டாம் என்று தெரிந்தது. உளவியல் என் தொழில். அன்றைக்கு அந்தப் படிப்பு எனக்கு உதவவில்லை. அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் உதவியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பல நாட்டுச் சட்டங்கள் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருகின்றன. அமெரிக்காவில் வீட்டு வாசலுக்கு வந்து விற்ற பொருளை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை 1970களில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிக் கடைக்கு வெளியே நடக்கும் விற்பனைக்கு 14 நாள். வாங்குபவர் முட்டாள் என்பதால் வந்த சட்டம் இல்லை அது. விற்பவரோடு தனியாக இருக்கும் மனிதர் சரியாக யோசிக்கும் நிலையில் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட சட்டம். போனில் வரும் மோசடிக்காரரும் 'லைனை வைக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறார். மிச்ச மிரட்டல் எல்லாம் அப்புறம்தான்.

அலுவலகங்களிலும் நடக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்வதாகச் சொன்ன தெரானோஸ் நிறுவனத்தில் ஒரு பிரிவில் என்ன நடக்கிறது என்று அடுத்த பிரிவுக்குத் தெரியாதபடி பிரித்து வைத்திருந்தார்கள். ரகசிய ஒப்பந்தங்கள் வேறு. தன் மேசையில் தெரியும் கோளாறு தன் மேசையில் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. எரிகா சங், டைலர் ஷுல்ட்ஸ் என்ற இளம் ஊழியர்கள் இருவர் தாங்கள் பார்த்ததை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்த டைலரின் தாத்தாவிடமே போய்ச் சொன்னார்கள், அவர் நம்பவில்லை. ஆனாலும் 2015ல் விஷயம் வெளியே வந்ததில் அந்த இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டு பேர் போதுமானதாக இருந்தது.

சரி, ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். போனை வாங்கி வைத்த பயிற்சி எல்லாம் மோசம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தியான முகாமிலும் ராணுவப் பயிற்சியிலும் வெளியுலகத் தொடர்பைத் துண்டிக்கிறார்கள். அங்கே என்ன நடக்கும், எத்தனை நாள் என்று போகும் முன்பே தெரியும், முடிந்ததும் வந்து யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். உங்கள் தம்பி அந்த மூன்று நாளைப் பற்றி உங்களிடம் தாராளமாகப் பேசினானா? யோசித்துச் சொல்கிறேன் என்றால் அவர்கள் பொறுத்தார்களா? விலகிப் போனவர்களோடு உள்ளே இருப்பவர்கள் இன்னும் நட்பாக இருக்கிறார்களா? இந்த மூன்றாவது கேள்விதான் என் அனுபவத்தில் நிலவரத்தைச் சரியாகக் காட்டுவது.

இப்போது செய்ய வேண்டியது. நீங்கள் வாதத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை. ஆஷின் அறையில் தவறான பதில் சொன்ன துணைகூட உதவினார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சேராத, ஆனால் அவனை விட்டுப் போகாத ஒரு ஆளாக இருந்தால் போதும். முடிந்தால் பழைய நண்பர்களில் நிதானமான ஒருவரிடம் சொல்லி, எதுவுமே நடக்காதது போல அவனுக்கு எப்போதாவது ஒரு விளையாட்டுச் செய்தியோ பழைய போட்டோவோ அனுப்பச் சொல்லுங்கள். உறவினர்கள் ஆளாளுக்குக் கூப்பிட்டுப் புத்தி சொல்வதாக இருந்தால் நீங்கள் தடுக்க வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து பேர் புத்தி சொன்னால் ஐந்து பேருமே 'நெகட்டிவ்' மூட்டைக்குள் போய்விடுவார்கள்.

அவன் பேசினால் தூக்கம், உடம்பு, என்ன பார்த்தான், எங்கே போனான் என்று கேளுங்கள். வியாபாரத்தைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். அவனே ஆரம்பித்தால் முழுவதும் கேளுங்கள், நல்லதாகத் தோன்றுவதை நல்லது என்றே சொல்லுங்கள். மேடையில் தைரியமாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தால் அது நல்ல விஷயம்தான். எப்போதாவது ஒரு முறை, ஒரே ஒரு கேள்வி: "போன மாதம் செலவெல்லாம் போகக் கையில் எவ்வளவு நின்றது?" பதிலுக்குக் காத்திருக்காமல் பேச்சை மாற்றிவிடுங்கள். உங்களிடம் சொல்லாவிட்டாலும் ராத்திரி அவன் கணக்குப் போடுவான். அவனாகப் போட்ட கணக்கு அவனோடு தங்கும்.

ஜாமீன் விஷயத்தில் என் பதில்: போடாதீர்கள். கடன் வாங்கியவர் கட்டவில்லை என்றால் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டியிருக்கும், அது முதல் காரணம். இரண்டாவது, போட்ட பணம் கூடக்கூட அவனுக்கு வெளியே வருவது கடினமாகும், ஆகவே நீங்கள் உதவியாக நினைப்பது அவனை இன்னும் இறுக்கிக் கட்டும். மூன்றாவது, அவன் திரும்பி வருகிற நாளில் இரண்டு பேரில் ஒருவராவது கடன் இல்லாமல் இருக்க வேண்டும். சொல்லும்போது அந்த நிறுவனத்தைக் காரணம் காட்டாதீர்கள். "யாருடைய கடனுக்கும் நான் ஜாமீன் போடப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உனக்குச் சாப்பாட்டுக்கோ தங்கவோ கஷ்டம் என்றால் எந்த நேரமும் என் வீடு இருக்கிறது." இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு அதன்படி நடந்துகொள்ள வேண்டும், யாருக்கும் விதிவிலக்கு கூடாது. கோபப்படுவான். சில வாரம் மௌனம் இன்னும் இறுகலாம். அந்த மௌனத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டால், அடுத்த கையெழுத்துக்கும் அதே மௌனம் வரும். பெற்றோருக்குச் சொத்து இருந்தால் அவர்களிடமும் இன்றே பேசிவிடுங்கள், பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பது உட்பட.

ஒன்று மட்டும் காத்திருக்க வேண்டாத விஷயம். அவனை எங்காவது போகவிடாமல் வைத்திருக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், அல்லது வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு அவன் வாயிலிருந்து வருகிறது என்றால் பொறுமை எல்லாம் அப்புறம். உடனே காவல்துறை, மனநல மருத்துவர், யார் தேவையோ அவர்களிடம் போங்கள்.

அவன் வெளியே வருகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தடுமாறுவது அங்கேதான். அன்றைக்கு அவன் எட்டு மாதத்தில் சேர்த்த எல்லோரையும் ஒரே நாளில் இழப்பான். குழுக்களிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவன் பேச்சை நம்பிச் சேர்ந்தவர்களின் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவான். பழைய நண்பர்களிடமும் போக முடியாது. இரண்டு பக்கமும் ஆள் இல்லாத அந்தச் சில வாரங்களில்தான் பலர் திரும்பவும் உள்ளே போய்விடுகிறார்கள். 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை உங்கள் நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள். எவ்வளவு போச்சு என்று முதல் மாதத்தில் கேட்காதீர்கள். அவன் மௌனமாக உங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்தால் கிடக்கட்டும்.

இன்னொன்று, உங்களைப் பற்றி. யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அவனுக்கு நடந்ததுதான் இப்போது உங்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. தனியாக உட்கார்ந்து, கேட்க ஆள் இல்லாமல், தப்பு என்னிடமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு எழுதியது நல்லது, ஆனால் நான் தூரத்தில் இருப்பவள். இந்த வாரத்துக்குள் நம்பிக்கையான ஒரு ஆளிடம் நேரில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லுங்கள். தம்பிக்கு என்ன செய்தி அனுப்பலாம் என்று தோன்றினாலும் முதலில் அவரிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். பயத்தில் எழுதியதையும் பாசத்தில் எழுதியதையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியும்.

கடைசியாக, பிறந்தநாள். அழையுங்கள். காலையிலேயே அழையுங்கள், மாலையில் மீட்டிங் இருக்கும். எடுக்கவில்லை என்றால் இரண்டாவது தடவை அழைக்க வேண்டாம், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒரு குரல் செய்தி விடுங்கள். வாழ்த்து, அவன் சின்ன வயதுப் பிறந்தநாள் ஒன்றின் ஞாபகம், அவ்வளவுதான். 'ஏன் பேசவில்லை' வேண்டாம், 'எப்போது வருவாய்' வேண்டாம், அழுகை வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். பிறகு பூனையின் போட்டோ ஒன்று அனுப்புங்கள். அது எங்கே தூங்குகிறது, என்ன சேட்டை செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் பத்து நாள் கழித்து இன்னொரு போட்டோ. பூனை அவனுடையது, உங்களிடம் இருக்கிறது. அதைப் பற்றி அவன் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்